செந்தமிழ்ச்செல்விக்கு அறுபதாம் கல்யாணம்

அறுபது வயது ஆவது குற்றமில்லை என்றுதான் செந்தமிழ்ச்செல்வி நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர் உலகத்தில் எல்லோருக்கும் ஆகிறது. ஆகாமல் போனவர்களைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவதும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் பேர் வாங்கியவர்கள் அறுபதைத் தொட்டால் சும்மா விட மாட்டார்கள் என்பது, புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருந்த அவள் வீட்டு வாசலில் அளவு நாடாவோடு ஒரு பையன் வந்து நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நாற்காலிக்கு அளவு எடுக்கணும் மேடம். நான் முகிலன். மணிவிழா வாரியத்துலேர்ந்து வர்றேன்."

"இன்னா நாற்காலி? யாருக்கு?"

"உங்களுக்குத்தான். அகலம் சரியா இல்லன்னா போன தபா மாதிரி ஆயிடும்."

போன தடவை என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நாடாவை அவள்மேல் படாமல் மரியாதையாகக் காற்றிலேயே பிடித்து அளந்து குறித்துக்கொண்டான்.

"சாரைக் கூப்புடுங்க. அவர் நாற்காலிக்கும் எடுத்துட்டா வேலை முடிஞ்சிடும்."

"எந்த சாரு?"

"உங்க வூட்டுக்காரர்."

"அப்படி யாரும் இல்லியே."

"ஊர்ல இல்லீங்களா?"

"உலகத்துலயே இல்லப்பா."

"ஐயோ, தவறிட்டாரா!"

"தவறுறதுக்கு வந்தாத்தானே. நான் கல்யாணமே பண்ணிக்கல."

முகிலனின் முகம் வெளுத்துவிட்டது. நாடா அவன் கையிலிருந்து தானாகச் சுருண்டு பெட்டிக்குள் போயிற்று. "மேடம், எங்ககிட்ட ரெண்டு நாற்காலி இருக்குது" என்றான், சாவுச் செய்தி சொல்கிறவன் மாதிரி. சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

புகழாளர் மணிவிழா வாரியம் என்று ஒன்று புதுச்சேரியில் இருப்பது வரி கட்டுகிறவர்களுக்கே தெரியாது. ஆட்டம், பாட்டம், ஓட்டம், நடிப்பு என்று எதிலாவது பெயர் எடுத்தவர்கள் அறுபதை எட்டியதும் அவர்களைத் தேடிப் பிடித்து, மாலை போட்டு, கலச நீர் ஊற்றி, அறுபதாம் கல்யாணம் செய்து வைத்து அனுப்புவது அதன் வேலை. தேடிப் பிடிப்பது என்று சும்மா சொல்லவில்லை. வயதைக் குறைத்துச் சொல்லியே காலம் தள்ளிய நாடக நடிகை ஒருத்தியைத் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வந்து மணிவிழா நடத்தினார்கள். பளு தூக்கும் வீரர் ஒருவரின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கட்டிலோடு தூக்கி வந்து, குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பிக்கும் சேர்த்து மாலை போட்டார்கள். அந்தப் படத்தை வாரியம் இன்னமும் நாட்காட்டியில் அச்சடிக்கிறது.

செந்தமிழ்ச்செல்வி கபடிக்காரி. அவள் ஆடிய காலத்தில் அவள் பாடிப் போனால் எதிர் அணிப் பெண்கள் அவள் காலைப் பார்ப்பதா கண்ணைப் பார்ப்பதா என்று தெரியாமல் நிற்பார்கள். ஏழு பேர் வளைத்தாலும் வழுக்கிக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் பேனா மூடியைத் திறந்தால் அவளுக்குக் கை நடுங்கும். அவள் அப்பா மில் தொழிலாளி. கொடி பிடித்தவர், தமிழ் மேல் கொண்ட ஆசையில் மகளுக்கு இத்தனை நீளத்தில் பெயர் வைத்தவர். யாருக்கும் பயப்படாத அந்த மனிதரை ஒரு நாள் ஒரே ஒரு காகிதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதை அவள் சிறுவயதில் பார்த்தாள். அன்றிலிருந்து அலுவலகம் என்றாலே அவளுக்குப் பயம்.

கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவளிடம் சோகக் கதை எதுவும் கிடையாது. பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு அப்புறம் ஆடக் கூடாது என்றான். அவன் கொண்டு வந்த மல்லிகைப்பூவை வாங்கி வைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டாள். பிறகு வந்தவர்களும் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். மாப்பிள்ளைகள் வருவது நின்றபோது, தனியாக இருப்பது அவளுக்கு ருசித்துப்போயிருந்தது. காலையில் தன் இஷ்டத்துக்கு எழுவாள். மாலையில் மைதானத்துக்குப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருவாள். யாருக்கும் பதில் சொல்லாமல் தூங்குவாள். இந்த மூன்றும் போதும் என்று இருந்தவளைத்தான் வாரியம் வரச் சொன்னது.

வாரிய அலுவலகம் பிரெஞ்சுக்காரன் காலத்து மஞ்சள் கட்டடம். உள்ளே போனால் கூரை எங்கோ இருக்கும், நாம் எறும்பு மாதிரி நிற்போம். உறுப்பினர் செயலர் நிர்மலாதேவி அவளை உட்காரச் சொன்னார். பேனா மூடியைத் திறந்தார்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது மேடம். உங்க கல்யாணத்துல வாரியத்துக்கு எந்த ஆர்வமும் இல்ல. எங்களுக்கு நாற்காலிதான் கவலை. திட்டத்துல தம்பதி சமேதராய்னு போட்டிருக்குது. ரெண்டு வாங்கியாச்சு. ஒண்ணு காலியா இருந்தா தணிக்கையில எழுதுவாங்க. காலி நாற்காலிக்கு மாலை போட்டா வீண் செலவு. போடலன்னா விதிமீறல். நீங்களே சொல்லுங்க, நாங்க இன்னா பண்றது?"

"நான் வாங்குன கோப்பை ஒண்ணு இருக்குது மேடம். அத்த வெச்சுடலாமே."

"சட்டப் பிரிவுல கேட்டாச்சு. பித்தளைக்குத் தாலி கட்டக் கை இல்லைன்னு எழுதிட்டாங்க."

"அப்ப எனக்கு மணிவிழாவே வேணாம்மா."

பக்கத்து அறைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நிர்மலாதேவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தைரியம் வந்திருக்கும். அந்த அம்மாள் பரிதாபமாகப் பார்த்தார்.

"வேணாம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அப்படிச் சொல்றவங்கள இன்னா செய்யறதுன்னு எங்ககிட்ட வழிமுறையே இல்ல. அதான் எனக்கே பயமா இருக்குது. ஆமா, சாரத்துல நீங்க பொண்ணுங்களுக்குக் கபடி சொல்லித் தர்ற மனை, அது வாரியத்தோடதுதானே?"

அந்த மனை கருவேல முள் மண்டிக் கிடந்தபோது செந்தமிழ்ச்செல்வி தன் கையால் சுத்தம் செய்தது. மீன் விற்கிறவள் மகள், கொத்தனார் மகள், சித்தாள் மகள் என்று சாயங்காலமானால் அங்கே பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அதில் சுடர்விழி என்று ஒருத்தி மாநில அணித் தேர்வுக்குப் போகப் போகிறாள். மனை போனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆடத் தெருதான் மிச்சம். தெருவில் பெண்பிள்ளைகளை ஆட விடுகிற வீடு அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்து வாரியத் தலைவர் கமலக்கண்ணன் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவரும் ஒரு கணம் யாருக்காகவோ எழுந்து நிற்பவர் போல் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

"நான் சொல்தா குடும்பம்மா. எங்க அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. வரிசையில ஒரு ஆள் விழுந்தா, அவர் யாரு, ஏன் விழுந்தாருன்னு கேக்க மாட்டாங்க. பக்கத்து ஆளை நகர்த்தி நிரப்புவாங்க. வொய்லா, அவ்ளோதான்! அதுதான் நிர்வாகம். நான் இந்த வாரியத்துக்கு வந்தப்ப எனக்குக் கலையும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. இன்னிக்கும் தெரியாது. அதனாலதான் யாருக்கும் பாரபட்சம் காட்டாம எல்லாருக்கும் ஒரே மாதிரி மாலை போட முடியுது. உங்க பக்கத்து நாற்காலியை நான் நிரப்பித் தரேன். கவலைய விடுங்க."

"ஐயா, எனக்குக் கல்யாணம் வேணாங்கய்யா" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"வெக்கப்படறாங்க. எழுதிக்கோங்க" என்றார் தலைவர். நிர்மலாதேவி எழுதிக்கொண்டார்.

மாப்பிள்ளையை வாரியமே கண்டுபிடித்தது. ஜாதகம் பார்க்கவில்லை. அதே நிதியாண்டில் அறுபதை எட்டுகிற நட்சத்திரம் வேறு யார் என்று பார்த்தார்கள். வைத்திக்குப்பத்து மிமிக்ரி பலராமன் அகப்பட்டார். மாசி மகம், கல்யாணக் கச்சேரி, உள்ளூர் டிவி என்று எல்லா இடத்திலும் ஐம்பது பேர் குரலில் பேசி ஊரைச் சிரிக்க வைத்தவர். மனைவி செல்வாம்பாள் இறந்து சில வருடம் ஆகிறது. வாரியத்தின் கணக்கில் அவரிடமும் ஒரு நாற்காலி காலி. இரண்டு மணிவிழாவை ஒன்றாக்கினால் இரண்டு நாற்காலி மிச்சம் என்று தலைவர் மகிழ்ந்துபோனாராம்.

மறுமுறை அவள் போனபோது பலராமன் நிர்மலாதேவி முன்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தார். பயம் வந்துவிட்டால் அவருக்குச் சொந்தக் குரல் போய்விடும். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று எப்போதோ மறைந்த ஒரு அரசியல் தலைவர் குரலில் ஆரம்பித்தார்.

"சொந்தக் குரல்ல பேசுங்க சார்" என்றார் நிர்மலாதேவி.

"அத்த எங்க வெச்சேன்னு தெரியல மேடம்" என்றார் பலராமன், வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில்.

அன்றைக்குத்தான் நிர்மலாதேவி புதுச் சிக்கலை எடுத்து வைத்தார். அறுபதாம் கல்யாணம் என்பது அதே தம்பதி மறுபடி தாலி கட்டிக்கொள்வது. முதல் தடவை நடக்காமல் மறுபடி எப்படி நடக்கும்? தணிக்கைக்காரன் கேட்பானே.

"அதனால ரெண்டு கல்யாணமும் ஒரே மேடையில வெச்சுட்டோம். முதல் கல்யாணம் முடிஞ்ச உடனே தேநீர் இடைவேளை. அப்புறம் அறுபதாம் கல்யாணம். அந்த இடைவேளையைத்தான் நீங்க முப்பத்தஞ்சு வருஷ இல்லறமாக் கருதிக்கணும். ஏற்புரையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கோம்."

பலராமன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் அப்பட்டமான திகில். "தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துடணுமா மேடம்?" என்றார். நிர்மலாதேவி, "பேரன் பேத்திக்குத் தனியா ஒதுக்கீடு இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் பலராமன் மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினார். அப்போது அவருக்குச் சொந்தக் குரல் வந்திருந்தது. மெல்லிய குரல், மேடைக்கு உதவாத குரல்.

"அக்கா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா செல்வாம்பாளுக்குக் கட்டின கை இது. இன்னொரு கழுத்துக்குப் போவாது. மாட்டேன்னா இனிமே எந்த மேடையும் ஏற விட மாட்டேங்கிறாங்க. நான் வாயால பொழைக்கிறவன், இன்னா பண்ணுவேன்?"

"நீங்களாச்சும் ஒரு தபா பண்ணிப் பார்த்தவரு. எனக்கு நெனைச்சாலே கை கால் விட்டுப்போவுது" என்றாள் அவள். இருவரும் பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கு போட்டதில் அது குறையவில்லை. ஆளுக்கு முழுசாகத்தான் வந்தது.

வீட்டில் தம்பி மனைவி ஜெயம் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். "கவர்மெண்டே பார்த்து முடிக்குது அண்ணி. இதைவிட நல்ல எடம் அமையுமா? நாங்க சொன்னா கேக்கல. இப்ப பாரு" என்றாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். பால்காரர் இரண்டு பாக்கெட்டாகப் போட ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு ராத்திரியில் தூக்கம் போயிற்று. யாரோ பக்கத்தில் குறட்டை விடுவது போலிருக்கும், பதறி எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பாள். காலியான பாய் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

ஓடிப்போய்விடலாம் என்று பல தடவை நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் சுடர்விழி வந்து நின்று, "அக்கா, கணுக்கால் புடியில எப்படித் தப்பிக்கிறது, இன்னொரு தபா காட்டுக்கா" என்று கேட்பாள். காட்டிக்கொடுப்பாள். கணுக்கால் பிடியிலிருந்து தப்பிக்கத் தெரிந்த அவளுக்கு இதிலிருந்து தப்பிக்கத் தெரியவில்லையே என்று ஆத்திர ஆத்திரமாக வரும்.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. கடற்கரையை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். கலச நீர் ஊற்றுவதற்குத் தண்ணீர் லாரி ஒன்று குழாயோடு தயாராக நின்றது. அமைச்சர் வருகிற விழாவில் குடம் போதாதாம். மாலைகளோ ஆள் உயரம். போட்டுக்கொண்டால் மூக்கு வரை பூதான், உள்ளே இருப்பது யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. விளக்கும் கேமராவும் சரிபார்க்க முகிலனையும், மேனகா என்ற தட்டச்சுப் பெண்ணையும் மணமக்களாக உட்கார வைத்தார்கள். மேனகா கையில் ஏற்புரையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள்.

"தனிமரமாக நின்ற எனக்கு இந்த வாரியம் அல்லவா நிழல் தந்தது" என்று மேனகா வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. முகிலன் கண் கலங்கித் தலையைக் குனிந்துகொண்டான். தலைவர் கைதட்டினார்.

"பிரமாதம்! ஆடல, அசையல, ஒரு கேள்வி கேக்கல. நட்சத்திரம்னா இப்படி இருக்கணும். அசல் ஆளுங்க வந்தாத்தான் எல்லாம் குழம்புது" என்றார். அசல் ஆட்கள் இரண்டு பேரும் பந்தல் ஓரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விழா நாள் வந்தது. அரக்குப் பட்டும் ஆள் உயர மாலையும் அவள் மேல் முள்ளாகக் குத்தின. நாற்காலி முகிலன் எடுத்த அளவுக்குச் சரியாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்தியதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. பக்கத்தில் பலராமன் தலைப்பாகைக்குள் முணுமுணுவென்று யார் யார் குரலிலோ சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே அமைச்சர், முன்னாள் அமைச்சர், அவர்களின் ஆட்கள், அவர்களின் ஆட்களுடைய ஆட்கள். கடைசி வரிசையில் சுடர்விழியும் மற்ற பிள்ளைகளும் பாவாடை தாவணியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக் கை ஆட்டினார்கள்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "புகழ் பெற்ற ஒருவர் அறுபது வயதில் தன்பாட்டுக்கு இருந்தால் அது யாருக்குக் கேவலம்? எங்களுக்குக் கேவலம்! அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள். பதில் வந்தால் கோப்பு வளரும். ஆகவே கேட்காமலேயே மகிழ்விக்கிறோம்!" பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

பிறகு தாலித் தட்டு கிளம்பியது. மஞ்சள் அரிசிக்கு நடுவில் தாலி. பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு வாழ்த்திய பிறகுதான் மணமேடைக்கு வர வேண்டும். நிர்மலாதேவியே தட்டை ஏந்திக்கொண்டு இறங்கினார். அமைச்சருக்கு முன்னால் நீட்டினார். அமைச்சர் கை வைக்கப் போகும்போது முன்னாள் அமைச்சரின் ஆள் ஒருவர் எழுந்தார்.

"இந்த வாரியத்தை ஆரம்பிச்சவரே எங்க அண்ணன்தான். மொதல்ல அவருதான் தொடணும்."

"பதவியில இருக்கறவரு இங்க இருக்கும்போது?" என்றார் அமைச்சரின் ஆள்.

"பதவி இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போவும். தாலி நிக்குமய்யா!"

தட்டு அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. நான்கு கைகள் அதைப் பிடித்தன. அரிசி சிதறியது. தலைவர் ஓடினார், முகிலன் ஓடினான், நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கேமரா திரும்பியது. மேடையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒன்று சட்டென்று தெரிந்தது: இவ்வளவு கூட்டத்தில் ஒருத்தர்கூட அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பினாள். பலராமன் நாற்காலியில் மாலை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

எதிர் அணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்கு அவள் உடம்பு பழகியிருந்தது. மனசு நடுங்கிக்கொண்டே இருக்க, கால் எழுந்துவிட்டது. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். மேடைக்குப் பின்னால் இறங்கி, தண்ணீர் லாரியைச் சுற்றிக்கொண்டு, தடுப்புக்கு வெளியே வந்து விழுந்தாள்.

ஜெனரேட்டருக்குப் பின்னால், சைக்கிளில் தேநீர் விற்கிறவர் பக்கத்தில் பலராமன் பட்டு வேட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், பிடிக்கத்தான் வந்துவிட்டாள் என்று நினைத்து எழுந்து ஓடப் பார்த்தார்.

"நானும் ஓடியாந்துட்டேன்" என்றாள் அவள்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். ஆளுக்கொரு தேநீர் வாங்கினார்கள். "இப்ப தேட ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார் அவர். "ஆமா" என்றாள். தேடுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் கசமுசா அடங்கியது. பிறகு, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று தலைவர் குரல் அலறியது. மேளமும் நாதஸ்வரமும் சேர்ந்து முழங்கின. ஜனங்கள் கைதட்டினார்கள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க இங்க இருக்கீங்க" என்றார் பலராமன். "நானும் இங்கதான் இருக்கேன்."

"அப்ப அங்க யாருக்குக் கல்யாணம் ஆவுது?"

"இப்போது தேநீர் இடைவேளை" என்றது ஒலிபெருக்கி. "மணமக்கள் இல்லறம் நடத்துகிறார்கள். யாரும் மேடைக்கு வர வேண்டாம்." இல்லறம் முடிய அதிக நேரமாகவில்லை. மறுபடி கெட்டிமேளம் கொட்டியது, லாரித் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல் ஒலிபெருக்கியில் தழுதழுத்தது: "மிமிக்ரி பலராமனாகிய நான்..."

பலராமன் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. "என் குரல்தான்" என்றார். "முகிலன் பையன் நல்லாவே பண்றான்க்கா. இனிமே நான் எதுக்கு?"

அடுத்து ஒரு பெண் குரல் வந்தது. ஒத்திகையில் மேனகா அழுத மாதிரியே முதல் வரியிலேயே அழுதது. "தனிமரமாக நின்ற எனக்கு..." கூட்டத்தில் யாரோ சேர்ந்து விசும்பினார்கள். செந்தமிழ்ச்செல்வி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வியர்வை மட்டும்தான் இருந்தது. போகட்டும், யாரோ கட்டிக்கொண்டார்கள், நான் தப்பித்தேன், மனை பிழைத்தது, வீட்டுக்குப் போய்ப் பால் பாக்கெட்டை ஒன்றாகக் குறைக்கச் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்போது தலைவர் மறுபடி பேசினார்.

"புது மணப்பெண்ணை இனி மண்ணில் ஓட விடலாமா? கூடாது! பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தரும் சுமையிலிருந்து அவரை இன்றோடு விடுவிக்கிறோம். சாரத்தில் உள்ள அந்த மனையில் வாரியம் நிரந்தர மணிவிழா மண்டபம் கட்டும். அதற்குச் செந்தமிழ்ச்செல்வி மண்டபம் என்றே பெயர். அம்மா, உங்களுக்குச் சம்மதம்தானே?"

"மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன் ஐயா" என்றது மேடையில் இருந்த செந்தமிழ்ச்செல்வியின் குரல்.

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. தேநீர்க் கோப்பை அவள் கையிலிருந்து விழுந்து பட்டுச் சேலையை நனைத்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவள் வாயாலேயே அதைக் கேட்டிருப்பார்கள். சுடர்விழி அதை நம்பியிருப்பாள். அந்த எண்ணம்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"வேணாம்க்கா, போவாதீங்க. புடிச்சு உக்கார வெச்சுடுவாங்க" என்று பலராமன் முந்தானையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டு பந்தல் வாசலுக்கு ஓடினாள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"உள்ள எடம் இல்லம்மா."

"நான்தான்யா செந்தமிழ்ச்செல்வி!"

போலீஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தேநீர்க் கறை படிந்த சேலை, கலைந்த தலை. "அவங்கதான் மேடையில பேசிக்கினு இருக்காங்களே. மைக்குல கேக்கல உனக்கு? ஓரமா நில்லும்மா, மந்திரி வண்டி வரும்."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள், அப்புறம் அடையாள அட்டை மாட்டிய வாரிய ஆட்கள், அப்புறம் கட்சிக்காரர்கள் என்று மேடை வரைக்கும் கை கோத்த மாதிரி ஆட்கள் நின்றார்கள். வாழ்நாளில் எந்த ஆட்டத்திலும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

செருப்பை உதறினாள். கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகினாள். முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "கபடி, கபடி, கபடி" என்று பாடியபடி தடிக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.